தோண்டுவதா, மூடுவதா, இறைப்பதா? கெட்டுப்போன மண்ணுக்கும் கிணற்றுக்கும் சேலத்தில் உள்ள வழிகள்

கொண்டலாம்பட்டிப் பக்கம் சாயப்பட்டறைக்கு அடுத்த தோட்டம். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் முலாம் பூசும் பட்டறை இருந்த மனை மலிவாக விலைக்கு வருகிறது; வாங்கலாமா என்று யோசனை. ஆத்தூர் சாலையில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக் கழிவு தேங்கிய வயல். ஆலையை மூடியாகிவிட்டது, வயல் எப்போது பழைய நிலைக்குத் திரும்பும் என்று கவலை. வாசகர்கள் கேட்பவை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றில் வந்து நிற்கின்றன. மண்ணை வெட்டி எடுப்பதா, மேலே மூடிவிடுவதா, தண்ணீரை இறைத்துச் சுத்தம் செய்வதா, மருந்து கலப்பதா? எது நல்லது?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேலத்தின் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. நஞ்சு அதன் வெடிப்புக்குள் இறங்கிய பிறகு, ஒரு குடும்பமோ ஊராட்சியோ தாங்கக்கூடிய செலவில் அதை முழுதாக மீட்டெடுக்கும் முறை எதுவும் இல்லை. ஆகவே கையில் இருக்கும் பணத்தின் பெரும்பகுதி தண்ணீர் மட்டத்துக்கு மேலே, நஞ்சின் ஊற்றுக்கண்ணில் செலவாக வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி, நஞ்சு எந்த இனம் என்பது. சாயப்பட்டறை உப்பு சாகாது, பெரும்பாலும் எதிலும் ஒட்டாது; தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும். குரோமியம், நிக்கல், காட்மியம் போன்ற உலோகங்களும் சாகாது. ஆனால் அவற்றில் பல மண்ணில் ஒட்டிக்கொள்ளும். சில வடிவம் மாறும். சேகோ கழிவு போன்ற கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் தின்றுவிடும். பெட்ரோலும் கரைப்பான்களும் ஆவியாகும் குணம் உள்ளவை. பெட்ரோல் பங்க் தொட்டி கசிந்த இடத்தில் மண்ணிலிருந்து காற்றை உறிஞ்சியே பெரும்பகுதியை எடுத்துவிடலாம். இந்த இனப்பிரிவு தெரியாமல் முறையைப் பற்றிப் பேசுவது வீண்.

இரண்டாவது, அது எங்கே கிடக்கிறது என்பது. நம் பக்கத்துக் கிணறு ஒன்றின் உள்சுவரைக் கவனித்துப் பாருங்கள். மேலே செம்மண், இடையில் சுக்கான், அதன் கீழே கையால் உதிர்க்கக்கூடிய சிதைந்த பாறை, அதற்கும் கீழே சம்மட்டி துள்ளும் கெட்டிப் பாறை. கெட்டிப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே ஓடும். திருச்செங்கோட்டு போர்வண்டி துளையிடும்போது புழுதி நின்று தண்ணீர் பீறிடும் ஆழம்தான் அந்த வெடிப்பு. பக்கத்து வயலில் அதே ஆழத்தில் வெறும் புழுதி வரலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்ல வேண்டும். போரில் கேசிங் குழாய் சிதைந்த பாறை முடியும் வரைதான் இறங்குகிறது. அதற்குக் கீழே வெறும் துளை. கேசிங் சரியாக அமராத போரில் மேல்மட்டத்து அழுக்குத் தண்ணீர் குழாயின் வெளிப்புறமாக வடிந்து ஆழத்து வெடிப்புக்குப் போய்ச் சேரும். தண்ணீர் கெட்டதும் "இன்னும் ஆழமாக ஒரு போர் போடுவோம்" என்பதுதான் பலருடைய முதல் யோசனை. பல இடங்களில் நஞ்சை ஐந்நூறு அடிக்குக் கீழே அனுப்பி வைப்பது அந்த போர்தான்.

மூன்றாவது, வருவது நின்றுவிட்டதா என்பது. சாயநீர் இன்னும் வந்துகொண்டிருந்தால் எந்த முறையும் காசைக் கரைப்பதோடு சரி. நான்காவது, எத்தனை ஆண்டு, யார் செலவில் என்பது. முதல் ஆண்டுச் செலவை எல்லோரும் கேட்கிறார்கள். பதினைந்தாம் ஆண்டு மின்கட்டணத்தை யார் கட்டுவார் என்று கேட்பவர் குறைவு. கடைசியாக, நிலம் எதற்கு வேண்டும் என்பது. வீடு கட்டவும், வண்டி நிறுத்தவும், கீரை போடவும் வேண்டிய சுத்தம் ஒன்றாக இருக்க முடியாது.

## வெட்டி எடுத்து அனுப்புவது

எல்லோருக்கும் மனத்துக்குப் பிடித்த வழி. நஞ்சு இருந்தது, இப்போது இல்லை. சிறிய இடத்துக்கு இதைவிட நல்லது கிடையாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து சென்ட் என்பது ஏறக்குறைய 405 சதுர மீட்டர். இரண்டு மீட்டர் ஆழம் வெட்டினால் 810 கன மீட்டர். எடை 1,450 டன் அளவுக்கு வரும். பத்து டன் டிப்பரில் 145 நடை. அது அபாயகரமான கழிவு என்று சோதனையில் தெரிந்தால், ஊருக்கு வெளியே ஒரு குழியில் கொட்டிவிட்டு வர முடியாது. அனுமதி பெற்ற வண்டியில், ஆவணத்தோடு, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். சேலத்திலிருந்து அது 350 கிலோமீட்டருக்கு மேல். குழியை நிரப்ப அதே அளவு நல்ல மண் வேறு வாங்க வேண்டும். இந்தச் செலவுகளுக்கு முன்னால் வெட்டும் கூலி சின்னது.

இதில் மறைந்திருப்பது இடமாற்றம். இங்கிருந்த நஞ்சு அங்கே போகிறது, அழியவில்லை. பெரிய அளவில் இது கைக்கு அடங்காது என்பதற்கு ராணிப்பேட்டையே சாட்சி. 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் வளாகத்தில் இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு பல பத்தாண்டுகள் மழையில் ஊறிக் கிடந்தது. கொடைக்கானலில் 2001இல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையின் பாதரச மண்ணில், எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற கேள்வியிலேயே ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. முடிவில் கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்ற இலக்கு வந்தது. அது போதாது என்றவர்கள் ஓயவில்லை. ஆகவே "சுத்தம்" என்ற சொல்லுக்கு எண்ணை எழுதி வாங்காமல் மண்வெட்டியைத் தொடக் கூடாது.

## மூடிவைப்பது, சுவர் எழுப்புவது

நஞ்சை இருக்கும் இடத்திலேயே விட்டு, மழைநீர் படாமல் மேலே மூடாக்கு போடுவது. இறுக்கிய களிமண், அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் விரிப்பு, வடிகால் மணல், மேல்மண், புல். பக்கவாட்டில் போகாமல் தடுக்க, பள்ளம் தோண்டி பெண்டோனைட் களிமண் குழம்பை நிரப்பிச் சுவர் எழுப்புவதும் உண்டு.

நம் ஊருக்கு மூடாக்கு நன்றாகப் பொருந்தும்; சுவர் அவ்வளவாகப் பொருந்தாது. சுவர் பலன் தர வேண்டுமானால் அதன் அடி, நீர் புகாத அடுக்கில் போய்க் குத்தி நிற்க வேண்டும். இங்கே அடியில் இருப்பது வெடிப்பு விட்ட பாறை. நான்கு பக்கமும் சுவர் கட்டி அடியைத் திறந்து வைத்த கதையாகிவிடும். பாறை மேலாகவும் வெடிப்பில்லாமலும் இருப்பதைத் துளையிட்டுப் பார்த்து உறுதி செய்த இடத்தில் மட்டும் சுவருக்குச் செலவழிக்கலாம்.

மூடாக்கின் உண்மையான செலவு பத்து ஆண்டு கழித்துத் தெரியும். வேலமரம் முளைத்து வேர் விரிப்பைக் கிழிக்கும். எலி வளை தோண்டும். அதைவிட மோசமானது மறதி. பட்டாவிலோ வில்லங்கச் சான்றிலோ "இதன் அடியில் குரோமியம் இருக்கிறது" என்று ஒரு வரி வராது. நிலம் கைமாறும், புதியவர் நடுவில் ஒரு போர் போடுவார். இடம் ஊராட்சியின் பெயரிலோ கவனிக்கும் நிறுவனத்தின் பெயரிலோ நிலைத்திருக்கும் என்றால் மூடாக்கு நல்ல முடிவு. விற்கப்போகும் தனியார் மனைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

## இறைத்துச் சுத்திகரிப்பது

கேட்பவர்களில் பாதிப்பேர் இதைத்தான் மனத்தில் வைத்துக் கேட்கிறார்கள். மோட்டார் இருக்கிறது, கிணறு இருக்கிறது, ஆர்.ஓ. இயந்திரம் விற்கிறார்கள். இறைத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் தெளியாதா?

காகிதத்தில் தெளியும். ஓர் ஏக்கர் நிலத்தடியில் பத்து மீட்டர் கனத்துக்கு நீர் நிறைந்த சிதைந்த பாறை, அதில் நூற்றுக்கு மூன்று பங்கு எடுக்கக்கூடிய நீர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12 லட்சம் லிட்டர். வினாடிக்கு ஒரு லிட்டர் வீதம் நாளைக்குப் பத்து மணி நேரம் இறைத்தால் முழுத் தண்ணீரையும் 34 நாளில் ஒருமுறை மாற்றிவிடலாம். கேட்க எவ்வளவு சுலபம்!

நடப்பது வேறு. வெடிப்பில் ஓடும் நீர் வெளியே வந்துவிடும். ஆனால் ஆண்டுக்கணக்காகப் பாறையின் நுண்துளைகளுக்குள் ஊறியது உள்ளேயே இருக்கும். இறைக்கும் வரை சோதனைச் சீட்டில் எண் இறங்கும். மோட்டாரை நிறுத்தி இரண்டு மாதம் விட்டால் மறுபடி ஏறும். மாங்காய் ஊறிய மண்ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் மறுநாள் மூடியைத் திறக்கும்போது ஊறுகாய் வாசனை அடிப்பதைப் போல. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் இந்த முறை நடைபெற்ற 77 இடங்களை ஆராய்ந்தது. 69 இடங்களில் இலக்கை எட்டியிருக்கவில்லை. அது பணத்துக்குப் பஞ்சமில்லாத நாடு.

ஆர்.ஓ.வைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரம் லிட்டர் உள்ளே போனால் எழுநூறு நல்ல தண்ணீர், முந்நூறு லிட்டர் மூன்று மடங்குக்கு மேல் உப்பேறிய கழிவு. அந்த முந்நூறை எங்கே விடுவீர்கள்? வாய்க்காலில் விட்டால் அது அடுத்த தோட்டத்துக்காரர் கிணற்றில் இறங்கும். ஆவியாக்கி உப்பாக எடுத்தால் மின்சாரமும் விறகும் தின்னும். மிஞ்சிய உப்பை வைக்க இடம் வேண்டும்.

அப்படியானால் இறைப்பது வீணா? ஒரு சூழ்நிலையில் இதைவிடச் சிறந்தது இல்லை. நஞ்சு குடிநீர்க் கிணற்றை நோக்கி நகர்கிறது, உடனே தடுக்க வேண்டும் என்றால், நடுவில் ஒரு போரிலிருந்து இறைத்து நீரோட்டத்தைத் தன் பக்கம் இழுக்கலாம். அது வேலி போடும் வேலை. சுத்தம் செய்யும் வேலை என்று நினைத்து இறங்கினால் ஏமாற்றம்தான். இறைக்க இறைக்கப் பக்கத்துத் தோட்டங்களின் நீர்மட்டமும் இறங்கும் என்பதால், அந்தச் சண்டையையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

## நிலத்துக்குள்ளேயே மாற்றுவது

வேதியியல் தெரிந்தவர்களுக்குப் பிடித்த முறை. சரியான நஞ்சுக்கு அருமையான முறை. குரோமியம்தான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதற்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஆறிணைதிறன் குரோமியம் நீரில் கரைந்து ஓடும், நஞ்சும் அதிகம். அதை மூவிணைதிறனாக மாற்றிவிட்டால் பெரும்பாலும் கரையாமல் மண்ணோடு படிந்துவிடும். மாற்றுவதற்கு வேண்டிய பொருள் நாட்டு மருந்துக் கடையிலும் இருக்கிறது: அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட். ஒரு கிலோ குரோமியத்துக்குக் கணக்குப்படி பதினாறு கிலோ அன்னபேதி. நிலத்தில் வேறு பொருள்களும் அதைத் தின்பதால் அதைவிடப் பல மடங்கு தேவைப்படும்.

நுண்ணுயிரை வைத்தும் இதைச் செய்யலாம். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு போன்ற இனிப்பை நிலத்துக்குள் செலுத்தினால், நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். அந்தச் சூழலில் குரோமியம் தானே மாறும். கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் எத்தனாலைச் செலுத்தி இதைச் செய்தார்கள். வட கரோலினாவின் எலிசபெத் சிட்டியில் 1996இல் நிலத்துக்குள் இரும்புத்தூள் சுவர் ஒன்றைப் புதைத்தார்கள். நீர் அதன் வழியாகத் தானே ஓடி, மறுபுறம் குரோமியம் இல்லாமல் வெளிவரும். மோட்டார் வேண்டாம், மின்கட்டணம் வேண்டாம்.

ஆனால் அது தோண்டக்கூடிய, சீரான மணற்பாங்கான பூமி. இங்கே சிதைந்த பாறை அடுக்கு வரை இந்த முறை எடுபடும். அதற்குக் கீழே, செலுத்தும் கரைசல் பெரிய வெடிப்பைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டமாக ஓடிவிடும். சிறிய வெடிப்புகள் தொடப்படாமல் கிடக்கும். மறைசெலவுகளும் உண்டு. ஆக்சிஜன் தீர்ந்த நீரில் இரும்பும் மாங்கனீசும் கரைந்து வரும். செலுத்தும் போர்கள் அடைத்துக்கொள்ளும். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் மாறிய குரோமியத்தில் ஒரு பங்கு மறுபடி பழைய வடிவத்துக்குத் திரும்பவும் கூடும். ஆகவே செலுத்தியதோடு வேலை முடியாது. பல ஆண்டு அளந்துவர வேண்டும்.

மாமாங்கம், செட்டிச்சாவடி சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கங்கள் இருக்கும் அந்தப் பாறை, இயற்கையிலேயே குரோமியமும் நிக்கலும் கொண்டிருக்கும் வகை. கிணற்றில் குரோமியம் தெரிந்ததும் அண்டைப் பட்டறை மேல் வழக்குப் போடுவதற்கு முன், பட்டறைக்கு மேட்டுப்புறம் இருக்கும் கிணற்றிலும் அளந்து பாருங்கள். பாறை தருவதை எந்த முறையாலும் தீர்க்க முடியாது. குடிநீரை மாற்றத்தான் வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரத்தில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்.

உப்புக்கு இந்த முறை அறவே இல்லை. சாயப்பட்டறைக் கிணற்றில் ஊற்றினால் உப்பை நுண்ணுயிர் தின்றுவிடும் என்று கேனில் அடைத்து விற்க வருகிறார்கள். உப்பைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர் எதுவும் கிடையாது. வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

## செடி வைப்பது

படம் எடுக்க அழகான முறை. கணக்கில் பெரும்பாலும் தோற்கும். ஒரு ஹெக்டேரில் மேல் இருபது சென்டிமீட்டர் மண் 2,600 டன் அளவுக்கு வரும். அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகம் கூடுதல் என்றால் மொத்தம் 260 கிலோ. ஆண்டுக்குப் பத்து டன் காய்ந்த விளைச்சல், அதில் கிலோவுக்கு 100 மில்லிகிராம் உலோகம் என்றாலும் ஆண்டுக்கு ஒரு கிலோதான் வெளியேறும். மீதியை நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். அறுத்த செடியை ஆடு தின்னாமல் பார்த்து, பத்திரமாக அகற்றுவது தனிச் செலவு.

சேர்வராயன் மலையில் மட்டும் செடிக்கு வேறொரு வேலை இருக்கிறது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் தலைமுறைகளாக மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவையைத் தெளித்து வந்திருக்கிறார்கள். அதன் செம்பு மேல்மண்ணில் தங்கிவிடும்; மண் புளிக்கப் புளிக்க அது இளகும். சரிவில் அந்த மண்ணை வெட்டினால் அடுத்த மழைக்கு மலையே இறங்கும். அங்கே சுண்ணாம்பிட்டுப் புளிப்பைக் குறைத்து, மட்கு சேர்த்துச் செம்பை மண்ணோடு கட்டிவைத்து, ஓடைக்கரையில் வெட்டிவேர் நட்டு மண்ணை நிறுத்துவதே சரி. எடுப்பதற்காக நடாமல் பிடித்து வைப்பதற்காக நடுகிறோம்.

## விட்டுவிட்டு அளந்துவருவது

சோம்பேறித்தனம் என்று பெயர் வாங்கிய முறை. சேகோ கழிவுக்கு இதுவே முதல் தேர்வு. மரவள்ளிக் கழிவு நாறும், புளிக்கும், கிணற்று நீரைக் கறுக்க வைக்கும், இரும்பைக் கரைத்துச் செந்துருவாகக் கொண்டுவரும். ஆனால் வருவது நின்றுவிட்டால் நுண்ணுயிர்கள் மிச்சத்தைத் தின்று முடிக்கும். தேங்கிய குட்டையின் சேற்றை வாரிக் காயவைத்து, நிலத்தை உழுது காற்றாடவிட்டு, பருவமழைக்கு முன்னும் பின்னும் கிணற்று நீரைச் சோதித்துவந்தால் போதும். குடிநீர் மட்டும் அதுவரை வேறு இடத்திலிருந்து வர வேண்டும். இதன் மறைசெலவு, அளப்பதை யாரும் தொடர்வதில்லை என்பதுதான். அளக்காமல் விட்டால் அது வெறும் கைவிடல்.

| முறை | எந்த நஞ்சுக்கு | காலம் | முதல் செலவு | மறைந்திருக்கும் செலவு | சேலத்துப் பாறையில் |
|---|---|---|---|---|---|
| வெட்டி அனுப்புவது | உலோகம், சயனைடு. சிறிய இடம் | வாரங்கள் | மிக அதிகம் | லாரி நடை, நிரப்பு மண் | தண்ணீர் மட்டத்துக்கு மேலே நன்று |
| மூடாக்கு | பெரிய குவியல், கலப்புக் கழிவு | மாதங்களில் போடலாம், என்றும் காக்க வேண்டும் | நடுத்தரம் | பராமரிப்பு, மறதி | நன்று. சுவர் ஐயம் |
| இறைத்துச் சுத்திகரிப்பது | நகரும் நஞ்சைத் தடுக்க | பத்தாண்டுகள் | நடுத்தரம் | மின்சாரம், ஆர்.ஓ. கழிவு | தடுக்க உதவும், தீர்க்காது |
| உள்ளேயே மாற்றுவது | குரோமியம், சில கரைப்பான்கள் | சில ஆண்டுகள் | நடுத்தரம் முதல் அதிகம் | இரும்பு, மாங்கனீசு, மறு செலுத்தல் | சிதைந்த பாறை வரை |
| செடி | மேல்மண் உலோகத்தைப் பிடித்துவைக்க | தலைமுறை | குறைவு | அறுவடைக் கழிவு | மலைச் சரிவில் |
| விட்டு அளப்பது | கரிமக் கழிவு | சில ஆண்டுகள் | மிகக் குறைவு | சோதனைச் செலவு, மாற்றுக் குடிநீர் | வருவது நின்றிருந்தால் |

## மூவருக்கும் என் பதில்

சாயப்பட்டறைத் தோட்டக்காரருக்கு: உங்கள் எதிரி உப்பு. அதற்கு மருந்து இல்லை, நீர்த்துப்போவது ஒன்றே வழி. நொய்யலில் 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்கென்று எழும்பிச் சாயநீர்த் தொட்டியானது. 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே அங்கே நிலைமை திரும்பத் தொடங்கியது. அங்கும் மாற்றத்தைத் தொடங்கிவைத்தது கழிவை நிறுத்தியதுதான். திருமணிமுத்தாற்றில் மழைநாளில் நுரை பொங்குவது நிற்காத வரை கிணற்றுக்குச் செய்யும் செலவை ஒத்திவையுங்கள். புகாரையும் சோதனைச் சீட்டையும் சேர்த்து வையுங்கள். நின்ற பிறகு, மேட்டுப்புறத்தில் பண்ணைக்குட்டை வெட்டி நல்ல மழைநீரை இறங்க விடுங்கள். மண் இறுகியிருந்தால் ஜிப்சம் உதவும், ஆனால் அது விடுவிக்கும் சோடியம் கீழே கிணற்றுக்குத்தான் போகும் என்பதைத் தெரிந்தே செய்யுங்கள். அதுவரை தென்னையும் உப்பைத் தாங்கும் தீவனப்புல்லும் வைத்து நிலத்தை ஓட்டலாம். பயன்படாத பழைய போரைச் சிமெண்ட் குழம்பு இட்டு அடைத்துவிடுங்கள். இந்த வேலைக்கு மட்டும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம்.

சேகோ வயல்காரருக்கு: பொறுங்கள், அளந்து வாருங்கள். உங்களுடையதுதான் மூன்றிலும் லேசானது.

ஊராட்சிகளுக்கு ஒரு தகவல். மாசுபட்ட இடங்களை அடையாளம் கண்டு சீர்செய்வதற்கென மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. மாசுபடுத்தியவரைக் கண்டுபிடித்துச் செலவை அவர் தலையில் வைப்பதே அவற்றின் நோக்கம்; சந்தேக இடங்களின் பட்டியலைத் தருவது மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் சுரங்கப் பணியாலும் குப்பைக் கிடங்காலும் வந்த மாசு பொதுவாக அவற்றுக்கு வெளியே. வெள்ளைக்கல் சுரங்கம், எருமாபாளையம் பழைய குப்பைமேடு என்று பேசும்போது இதை நினைவில் வைத்தே மனு எழுத வேண்டும்.

பட்டறை மனை வாங்க நினைப்பவருக்கு: 145 நடைக் கணக்கைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். முலாம் பட்டறையில் நஞ்சு மனை முழுக்கப் பரவியிருப்பது குறைவு. தொட்டி இருந்த மூலை, கழிவு ஓடிய காடி, பின்புற உறிஞ்சுகுழி ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பகுதி இருக்கும். அங்கே அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் என்று மூன்று ஆழங்களிலும், நடு மனையில் ஓரிடத்திலும் மண் எடுத்து, சயனைடு, நிக்கல், காட்மியம், குரோமியம், ஈயம் என்று பெயர் சொல்லிச் சோதிக்கக் கொடுங்கள். "மண் பரிசோதனை" என்று பொதுவாகச் சொன்னால் கட்டடத்துக்கான தாங்குதிறனைச் சோதித்து அனுப்பிவிடுவார்கள். சயனைடு இருக்கலாம் என்ற மண்ணில் கறை போக்குவதாக நினைத்து ஆசிட் ஊற்ற யாரையும் விடாதீர்கள். எழும்பும் வாயு ஆளைக் கொல்லும். நஞ்சு அந்த மூன்று மூலைகளில் நின்றால் வெட்டி அனுப்புவதே உங்களுக்குச் சரியான முறை, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கிணற்று நீரிலும் தெரிந்தால் மனையை விட்டுவிடுங்கள். இதெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன். மண் எடுக்க விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் சோதனைச் செலவும் உங்களுக்கு மிச்சம்.